படைக்கலமும் உரிமமும்

(ஒசூரில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



பள்ளியில் இலக்கணம் கற்பித்துக் காலங் கழிக்கும் எம்மைத் துப்பாக்கியைப்பற்றிப் பேசுமாறு பணித்தது ஏன் என்று உங்களிற் சிலர் வியக்கலாம். சென்ற செயற்குழுவில் நம் அன்பர் சிலர் ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்தனர். ‘நம் எல்லைக்கப்பால் குடகு நாட்டில் வாழும் கொடவ மக்கள் உரிமமின்றியே துப்பாக்கி வைத்திருக்க அரசு இசைந்திருக்கிறது, நம் முன்னோரும் படைக்கலம் ஏந்தியோரே, ஆதலின் நம் குலத்தார்க்கும் அவ்விலக்கு அளிக்குமாறு அரசினரை வேண்டுதல் வேண்டும்’ என்பது அதன் சாரம். அன்று காரசாரமாகப் பலர் பேசினர். யாம் மட்டும் வாய் திறவாதிருந்தோம். பேசாதிருந்தவனே இருபுறமும் நிறுத்துக் கூறத் தக்கவன் என்று கருதிப் போலும், இப்பணியை எம்மிடம் ஒப்புவித்தனர். யாம் அன்று பேசாதிருந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம்.

முதலில், இத்தீர்மானத்தைக் கொணர்ந்தோர் நகைத்து ஒதுக்கத் தக்கவரல்லர் என்பதை ஒப்புக்கொள்ளுதல் முறை. நம் நாடு படைக்கலம் அறியாத நாடன்று. அருகிலுள்ள தருமபுரியே பண்டைத் தகடூர். அதனை ஆண்ட அதியமானின் தூதாகத் தொண்டைமானிடஞ் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் நெய்பூசி அணிசெய்து வைக்கப்பட்டிருத்தலையும், தம் தலைவனுடைய வேல்கள் போரில் முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடத்தலையும் ஒப்பிட்டுப் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உள்ளது. நம் மாவட்டத்தில் ஏரிக்கரைகளிலும் வயல்வரப்புகளிலும் நிற்கும் நடுகற்களை நீங்கள் அறிவீர்கள். ஆநிரை மீட்டு வீழ்ந்தோர்க்கு எடுத்தவை பல. காட்டுப்பன்றியைக் குத்தி அதனால் மாண்டோர்க்கு எடுத்தவையும் சில. அவற்றைப் ‘பன்றி குத்திப் பட்டான் கல்’ என்பர். ஆகவே, பன்றிக்கும் உழவனுக்கும் உள்ள பகை நேற்றுத் தோன்றியதன்று.

அத்தகைய மக்களின் கையினின்று படைக்கலத்தைப் பறித்தவர் வெள்ளையர். 1801-ஆம் ஆண்டு பாளையக்காரர் போர் அடங்கியபின் தென்னாட்டில் படைக்கலங்களை ஒப்படைக்குமாறு கும்பினியார் ஆணையிட்டனர். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் அவ்வச்சம் நாடெங்கும் பரவியது. லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்த 1878-ஆம் ஆண்டில் இந்தியப் படைக்கலச் சட்டம் பிறந்தது. இந்தியன் உரிமம் பெறாமல் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம், ஐரோப்பியனுக்கோ விலக்கு. இதுவே அச்சட்டத்தின் நஞ்சு. துப்பாக்கி கிடைக்காமையினும், தோலின் நிறம்பற்றி ஒருவனை நம்பி மற்றொருவனை ஐயுற்றமையே நம்மவர் நெஞ்சைச் சுட்டது. 1887-ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபை அச்சட்டத்தைத் தளர்த்துமாறு தீர்மானம் செய்தது. அகிம்சையையே உயிராகக் கொண்ட காந்தியடிகளும், ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் படைக்கலம் அற்றவராக்கிய அச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் பெருங்கேடுகளுள் ஒன்றாகக் கண்டித்தார். 1931-ஆம் ஆண்டு கராச்சி மகாசபை வகுத்த அடிப்படை உரிமைகளுள், சட்ட ஒழுங்குகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக இடம்பெற்றது.

பின்னர் நாடு விடுதலை பெற்றது. அரசியல் நிர்ணய சபையில் 1948-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், படைக்கலம் ஏந்தும் உரிமையை அடிப்படை உரிமையாகச் சேர்த்தல் வேண்டும் என்று எச். வி. காமத் அவர்கள் திருத்தம் கொணர்ந்தார். அம்பேத்கர் அவர்கள் அதனை ஏற்கவில்லை. எவரும் கடைவீதிக்குச் சென்று தாக்குங் கருவிகளைத் தடையின்றி வாங்கலாம் என்றால், அரசு தன் ஆட்சியை எங்ஙனம் நடத்துதல் இயலும் என்று அவர் வினவினார். திருத்தம் வீழ்ந்தது. அப்பொழுது இந்நாட்டின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தவர், நம் ஒசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராஜாஜி அவர்கள். அவர் பிறந்ததும் அப் படைக்கலச் சட்டம் பிறந்த 1878-ஆம் ஆண்டே. ஒரு மனிதர் வாழ்நாளுக்குள், ‘இந்தியன் ஆதலின் உனக்கில்லை’ என்னும் நிலை மாறி, ‘யாராயினும் ஒரே முறையிற் பெறுக’ என்னும் நிலை வந்தது. இம்மாற்றத்தை நினைவில் இருத்துங்கள். யாம் கூறவிருக்கும் முடிபு இதன்மேல் நிற்பது.

இனி, இப்போதுள்ள சட்டம் யாது கூறுகிறது? 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் 1962-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் மூன்றாம் பிரிவின்படி உரிமமின்றித் துப்பாக்கியை வைத்திருத்தலும் கொண்டுசெல்லுதலும் குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தண்டனை கடுமையாயிற்று. உரிமமில்லாத சாதாரணத் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தாலே இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உரிமமின்றித் துப்பாக்கி செய்தலும் விற்றலும் ஏழாண்டு முதல் ஆயுட்காலம் வரை சிறைக்கு உரியன. ஒசூர்ச் சிப்காட்டுப் பட்டறைகளிற் கடைசல் வேலை பயின்ற நம் இளைஞர் இதனைச் செவியிற் கொள்க. ஊரார் ஒருவர் குழாயொன்றைக் கொணர்ந்து, ‘தம்பி, இதைச் சற்றுக் கடைந்து கொடு’ என்றால், அக் கைத்திறன் ஏழாண்டுச் சிறைக்கு வழியாகலாம். திருமணத்திலும் திருவிழாவிலும் களிப்பிற்காகச் சுட்டுப் பிறர்க்கு இடர் விளைத்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. உரிமம் பெற்றோரும் அவ்வுரிமம் எம்மாவட்டம், எம்மாநிலம் வரை செல்லும் என்று பார்த்தல் வேண்டும். தமிழ்நாட்டளவில் மட்டும் செல்லும் உரிமத்தோடு அத்திப்பள்ளிச் சாவடியைத் தாண்டினால் அதுவும் உரிமமில்லாச் செலவே.

ஆனால் இச்சட்டத்தில் உழவனுக்கென்று ஒரு வாயில் திறந்திருக்கிறது. அதனை நம்மவருட் பெரும்பாலோர் அறியார். பதின்மூன்றாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு, குழலின் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு மெய்யான உழவன் ஒருவன் உரிமம் வேண்டினால், தடைசெய்யத்தக்க காரணம் இல்லாதவிடத்து, அதிகாரி அதனை அளித்தல் வேண்டும் என்றே சட்டம் மொழிகிறது. மறுப்பின் காரணத்தை எழுத்தில் தருதல் வேண்டும் என்பது பொதுவிதி. மறுப்பின்மேல் முறையீடு செய்யவும் வழியுண்டு. நம் மலையோரத்து வீடுகளில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் நாட்டுத் துப்பாக்கி எவ்வகையினதோ, அவ்வகைக்கே சட்டம் வாயில் திறந்து வைத்திருக்கிறது. பின்வாயிலில் நுழைந்து குற்றவாளியாவதேன்?

‘ஐயா, முன்வாயிலில் நின்று பாருங்கள், அப்பொழுது தெரியும்’ என்று ஓர் அன்பர் முணுமுணுப்பது கேட்கிறது. அவர் கூறுவதில் உண்மையுண்டு. மனு எழுதி, நிலச் சான்று இணைத்து, விசாரணை முடியும்வரை நடந்து நடந்து கால் தேய்ந்தோர் உளர். தேர்தல் வருந்தோறும் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்துத் தேர்தல் முடிந்தபின் மீட்டல் வேண்டும்; பன்றியோ தேர்தல் பார்த்து வருவதில்லை. தளி, அஞ்செட்டி, சவளகிரிப் பக்கங்களில் கேழ்வரகு கதிர் முற்றும் பருவத்தில், பன்னார்கட்டாக் காட்டு வழியே யானைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. ஆண்டெல்லாம் உழைத்ததை ஓரிரவில் இழந்தவனிடம் சட்டப்பிரிவு கூறினால் அவன் நம்மை வெறித்துப் பார்ப்பான். அவன் துயரை யாம் மறுக்கவில்லை.

இனிக் குடகுக்கு வருவோம். 1834-ஆம் ஆண்டு குடகு ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் வந்த படைக்கலம் பறிக்குஞ் சட்டத்தினின்று அம்மக்கள் 1861-ஆம் ஆண்டளவில் விலக்கப் பெற்றனர். துப்பாக்கி அவர்கள் வாழ்வோடு பிணைந்தது. ‘கைல்போது’ என்னும் விழாவிற் படைக்கலத்திற்கு வழிபாடாற்றுவர். விடுதலைக்குப் பின்னும் சட்டத்தின் நாற்பத்தொன்றாம் பிரிவின்படி அவ்விலக்கு நீடித்தது. 2019-ஆம் ஆண்டு நடுவணரசு அதனை மேலும் பத்தாண்டு, அஃதாவது 2029-ஆம் ஆண்டு வரை நீட்டித்தது. குலமும் பரம்பரை நிலமும் பற்றி விலக்களித்தல் சமன்மைக்கு மாறு என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2021-ஆம் ஆண்டு செப்டம்பரிற் கருநாடக உயர்நீதிமன்றம் அவ்விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

‘அங்ஙனமாயின் நாமும் கேட்கலாமன்றோ?’ என்பீர்கள். சற்றே நுணுகி நோக்குங்கள். அவ்விலக்கு கொடவ குலத்தார்க்கு மட்டுமன்றி, அந்நாட்டு ஜம்மா நிலம் உடையார்க்கும் உரியது. அது கட்டற்றதுமன்று, காலவரையறை உடையது, அங்குள்ளோரும் விலக்குச் சான்று பெற்றே துப்பாக்கி வைத்திருக்கின்றனர். நீதிமன்றமும், நூற்றாண்டுக்கு மேலாக இடையறாது வந்ததொன்றைப் பேணியதேயன்றி, புதிதாகக் கேட்பார்க்கெல்லாம் கொடுக்குமாறு கூறவில்லை. இன்று நாம் கேட்போம். நாளை அடுத்த தெருவார் கேட்பர். அவர்க்கு அடுத்த குலத்தார் கேட்பர். ஒவ்வொரு குலமும் தன் பழைய வீரத்தை எடுத்தோதித் துப்பாக்கி கேட்கும் நாட்டில், இரு தெருவாரிடையே கோயில் வழக்கு மூண்டால் யாது நிகழும்? நீங்களே எண்ணிப் பாருங்கள். அன்றியும், 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம் முன்னோர் வெறுத்தது எதனை? பிறப்புப்பற்றி ஒருவனுக்கு விலக்கும் மற்றவனுக்குத் தடையும் என்னும் வேற்றுமையைத்தானே? அதனை வெள்ளையர் செய்தபோது இழிவு என்ற நாம், அதுவே நமக்கு ஆதாயமாக வருமெனின் பெருமை என்போமா?

நம் பிள்ளைகள் சிலர் அமெரிக்காவிற் பணிபுரிகின்றனர். ‘அங்கே உரிமமே வேண்டாமே’ என்று அவர்கள் வழியாகக் கேள்வியுற்றோரும் இவ்வவையில் உளர். உண்மையே. 1791-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசியலமைப்பிற் படைக்கலம் பற்றிய இரண்டாந் திருத்தம் சேர்ந்தது. வெர்மாண்ட் மாநிலம் உரிமத்தை என்றும் கேட்டதில்லை. டெக்ஸாஸ் மாநிலம் 2021-ஆம் ஆண்டில் உரிமமின்றிக் கைத்துப்பாக்கி கொண்டுசெல்ல இசைந்தது. 2024-ஆம் ஆண்டளவில் அத்தகைய மாநிலங்கள் 29 ஆயின. ‘கள்வன் உரிமம் கேட்டுத் துப்பாக்கி எடுப்பதில்லை; நல்லவனை மட்டும் ஏன் நடக்கவிடுகிறீர்கள்?’ என்பது அங்கு ஒரு சாரார் வாதம். ‘யார் கையில் உள்ளது என்பதை அரசு அறியாவிடில், சினமுற்றவனையும் பித்தனையும் எங்ஙனம் தடுப்பது?’ என்பது மற்றொரு சாரார் வாதம். அவ்வழக்கை அவர்கள் தீர்த்துக்கொள்க. நாம் காணத்தக்கது ஒன்றுண்டு. அங்கு வாதிடும் இரு சாராரும் குடிகள் அனைவர்க்கும் பொதுவான விதியைப்பற்றியே வாதிடுகின்றனர். ‘இன்ன குலத்தானுக்கு மட்டும்’ என்று கேட்போர் அங்கும் இலர்.

இனி நம் வயலுக்கே திரும்புவோம். எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் இரவு முறை வேலை பார்த்து வந்தார். ஊரும் பெயரும் ஈண்டு வேண்டா. அவர் தந்தையார் கேழ்வரகுக் கொல்லையில் பரண் கட்டி, உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியோடு காவல் இருந்தார். அடுத்த கொல்லைக்கு உரியவர் அவருடைய அண்ணன் மகனே. அவனும் பன்றி விரட்ட இரவில் விளக்கின்றி வரப்போரம் குனிந்து வந்தான். கதிர் அசைந்தது; துப்பாக்கி முழங்கியது. ‘சித்தப்பா’ என்ற குரல் கேட்ட பின்னரே சுட்டது பன்றியன்று என்று அவர் அறிந்தார். விடியுமுன் அவன் உயிர் பிரிந்தது. தந்தையார் சிறை சென்றார். வழக்கிற்கு நிலம் விற்றது. மாணவரோ இரவு முறையை விட்டு வழக்குமன்றத்திற்கு அலைந்து வேலையும் இழந்தார். யாம் துக்கம் விசாரிக்கச் சென்றபோது, இறந்தவனின் தாயார் எம்மைப் பார்த்து, ‘வாத்தியாரய்யா, பன்றி தின்ற கேழ்வரகு அடுத்த மழைக்கு விளைந்துவிடும்’ என்றார். அதற்குமேல் அவ்வம்மையார் ஒன்றும் கூறவில்லை. யாமும் கூற இயலாமல் திரும்பினோம்.

பன்றியைத் தடுக்க வேறு வழியில்லையா? குறிஞ்சி நிலத்துத் தினைப்புனங் காத்த மகளிர் தழல், தட்டை, குளிர் என்னுங் கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளி ஓட்டியதைக் குறிஞ்சிப்பாட்டு கூறும். ஒலியும் ஒளியும் வேலியும் கூட்டுக் காவலும் இன்றும் பயன்படுவனவே. முழுப்பயன் தாரா எனினும் உயிர்ப்பலி கொள்ளா. திருட்டு மின்வேலியை நாடுவோர்க்கும் ஒரு சொல்: 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளிப் பக்கம் அத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டதும், அவற்றின் கன்றுகள் இரண்டு தாயிழந்து நின்றதும் நாடறிந்தவை. அக்கம்பி மனிதனையும் விடாது. 2025-ஆம் ஆண்டு சனவரியில் தமிழக அரசு பன்றித் தொல்லைக்கென ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டினின்று ஒரு கிலோமீட்டர்க்குள் பன்றியைச் சுடலாகாது; ஒன்று முதல் மூன்று வரை கூண்டிற் பிடித்துக் காட்டில் விடுதல்; மூன்றுக்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்றோர் சுடுதல் என்பது அம்முறை. அங்குஞ் சுடுவோர் வனத்துறையினரே, நாமல்லோம். ஆயின் அவர்களை வரவழைக்க மனு எழுதுதல் நம் கடமை. தனித்தனி உழவன் எழுதினால் தாளாய்க் கிடப்பது, சங்கம் எழுதினால் கோப்பாய் நகரும்.

இப்பொழுது, அன்று செயற்குழுவில் யாம் வாய் திறவாததன் காரணத்தைக் கூறுவோம். எம் பாட்டனார் உரிமத்தோடு ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். அவர்க்குப்பின் எம் தந்தையார் தம் பெயரில் உரிமம் மாற்றிக்கொண்டார். தந்தையார் மறைந்தபின் யாம் யாதுஞ் செய்யவில்லை. துணி சுற்றிப் பரண்மேல் வைத்தோம். ஆயுத பூசைக்கு எடுத்துத் துடைத்துப் பொட்டிட்டு மீண்டும் ஏற்றினோம். ஆறாண்டு அங்ஙனமே கழிந்தது. பள்ளியில் ஒழுக்கங் கற்பிக்கும் யாமே வீட்டில் உரிமமில்லாத் துப்பாக்கி வைத்திருந்தோம்! ‘பாட்டனார் பொருள்தானே, சுடவா போகிறோம்?’ என்று எம்மை யாமே ஏமாற்றிக்கொண்டோம். செயற்குழுவில் அவ்வாதம் நடந்தபோது எம் நினைவு முழுதும் அப்பரணிலேயே இருந்தது. குற்றமுடையவன் எப்பக்கம் பேசுவான்?

மறுவாரம் அதனை இறக்கினோம். உரிமையாளர் இறந்தாலோ உரிமக் காலம் முடிந்தாலோ துப்பாக்கியைத் தாழ்க்காது காவல் நிலையத்திலேனும், உரிமம் பெற்ற வணிகரிடமேனும் ஒப்படைத்தல் வேண்டும் என்பது சட்டத்தின் இருபத்தொன்றாம் பிரிவு. பழைய உரிமப் புத்தகத்தையும் தந்தையார் இறப்புச் சான்றையும் எடுத்துக்கொண்டு, வழக்கறிஞர் ஒருவரோடு நிலையத்திற்குச் சென்றோம். ‘இத்தனை நாள் ஏன் கொணரவில்லை?’ என்று வினவினர். விடை கூற நாணித் தலைகுனிந்து நின்றோம். எழுதிப் பெற்றுக்கொண்டு பற்றுச்சீட்டுத் தந்தனர். வீடு திரும்பியதும் எம் அன்னையார், ‘உன் பாட்டனார் பொருளைக் கொடுத்துவிட்டாயே’ என்று கண் கலங்கினார். இரவு உணவின்போது, ‘பேரப்பிள்ளைகள் பரணில் ஏறும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கும், இனி அது இல்லை’ என்றும் அவரே கூறினார்.

அன்பர்களே, நம் மாவட்டத்தில் உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்குமாறு காவல் துறையினரும் வனத்துறையினரும் அண்மை ஆண்டுகளில் வேண்டியதும், பலர் ஒப்படைத்ததும் நீங்கள் அறிந்தவை. பிடிபட்டபின் கொடுப்பது வேறு. தாமே கொண்டுசென்று கொடுப்பது வேறு. ஆதலின் அத்தீர்மானத்திற்கு மாறாக மூன்றை இவ்வவைமுன் வைக்கிறோம். ஒன்று, குலம்பற்றிய விலக்கை நம் சங்கம் கேளாதிருத்தல். இரண்டு, உரிமமில்லாத் துப்பாக்கியோ காலங்கடந்த உரிமமோ உடைய வீட்டார்க்கு வழக்கறிஞர் துணையோடு ஒப்படைக்கும் வழியைச் சங்கமே செய்துகொடுத்தல். மூன்று, மெய்யாகப் பயிர் இழக்கும் உழவர்க்கு உரிம மனு, இழப்பீட்டு மனு, வனத்துறைக்குரிய மனு ஆகியவற்றை எழுதித் தர ஒரு குழு அமைத்தல். அக்குழுவில் அடுத்த தெருவாரும் வந்து மனு எழுதிக்கொள்ளலாம் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். அவர்கள் கொல்லையில் மேயும் பன்றியே நம் கொல்லையிலும் மேய்கிறது.

மனு எழுதும் பணியை யாம் ஏற்கிறோம். ஞாயிறுதோறும் காலையில் சங்கக் கட்டடத்தில் இருப்போம். பட்டாவும் ஆதார் அட்டையும் கொணர்க. தாளும் எழுதுகோலும் எம்முடையவை.